கடைசி எழுத்து போய்ச் சேர்ந்ததா?

எடைமேடை, மின் மீட்டர், ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி எனப் பல கருவிகள் இன்னமும் சீரியல் போர்ட் வழியாகத்தான் பேசுகின்றன. வழக்கமான வேகம் வினாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும் பிட்களையும் சேர்த்து 10 பிட் என்றால், அது கம்பியில் கடக்க ஒரு மில்லி வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். அதற்குள் இன்றைய செயலி பல லட்சம் கட்டளைகளை முடித்துவிடும். ஆகவே இந்த போர்ட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்குப் பாதி வேலை காத்திருப்பதுதான்.

எவ்வளவு நேரம்?

அந்தக் காலத்தில் வெற்றுச் சுழற்சி ஒன்றை ஓடவிட்டு நேரம் கடத்துவார்கள். கணினி வேகமானால் கணக்குத் தப்பிவிடும். டர்போ பாஸ்கல் நிரல்மொழியின் 'சிஆர்டி' யூனிட், ஒரு கடிகாரத் துடிப்பான 55 மில்லி வினாடிக்குள் எத்தனை சுற்று ஓடுகிறது என்று தொடக்கத்திலேயே எண்ணி வைத்துக்கொள்ளும். 1990களின் பிற்பகுதியில் 200 மெகாஹெர்ட்ஸ் அளவிலான செயலிகள் வந்ததும் அந்த எண் வகுத்தலில் அடங்காமல் போனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் 'ரன்டைம் எரர் 200' என்று திறக்கும்போதே விழுந்தன.

உண்மையான சோதனை ஆர்எஸ்-485 என்ற சீரியல் இணைப்பில்தான். பெரும்பாலும் இரண்டே கம்பி. வாக்கி-டாக்கி போல ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். கேள்வியை அனுப்பியதும் டிரைவர் கம்பியின் மீதுள்ள தன் பிடியை விட வேண்டும். பழைய 16550 சீரியல் சிப்பில் இதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, அனுப்ப வேண்டியதை வைக்கும் இடம் காலி என்கிறது. மற்றொன்று, கடைசி பிட்டும் வெளியே போய்விட்டது என்கிறது. முதலாவதை நம்பிப் பிடியை விட்டால் கடைசி எழுத்து அறுந்துபோகும். மோட்பஸ் நெறியில் அது பிழை சரிபார்க்கும் எண்ணின் பாகம். மீட்டர் கேள்வியையே தள்ளிவிட்டு மௌனமாக இருக்கும். கம்பியைக் குறை சொல்லி மாற்றுவதில் ஒரு நாள் போய்விடும்.

'சரி, 5 மில்லி வினாடி தூங்கிவிட்டு விடுவோம்' என்றாலும் வம்புதான். லினக்ஸ் கெர்னலின் துடிப்பு 10 மில்லி வினாடியாக இருந்தால், ஒரு மில்லி வினாடி கேட்கும் 'எம்ஸ்லீப்' 20 வரைகூடத் தூங்கும். 9600 வேகத்தில் மீட்டரோ சுமார் 4 மில்லி வினாடி அமைதிக்குப் பின் பதிலைத் தொடங்கிவிடலாம். பதிலின் தலை போய்விடும். தூங்காமல் 'யூடிலே' கொண்டு காத்திருந்தால் நேரம் துல்லியம்; அதுவரை அந்தச் செயலி வேறெதற்கும் உதவாது. எனவே தேர்ந்த டிரைவர்கள் இரண்டாவது அடையாளத்தைப் பார்த்துவிட்டே பிடியை விடுகின்றன. கருவி கேட்கும் கூடுதல் இடைவெளிக்கு துல்லியமான டைமரை வைக்கின்றன.

யுஎஸ்பி மாற்றிகளில் தாமதம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. எஃப்டிடிஐ சிப்கள், வந்த சில எழுத்துகளை உடனே தராமல், இன்னும் வருமா என்று இயல்பாக 16 மில்லி வினாடி பார்க்கும். ஒரு கேள்வி, ஒரு குட்டிப் பதில் என்று போனால், கம்பி எவ்வளவு வேகமானாலும் வினாடிக்கு 60 சுற்றைத் தாண்டுவது கடினம். லினக்ஸில் அந்த 16-ஐ 1 ஆக்கலாம். பதில் சட்டென்று வரும், யுஎஸ்பி போக்குவரத்து கொஞ்சம் கூடும்.