அண்ணரின் இலையுதிர் காலம்



பருவங்களுள் விருப்பமானது எது என்று கேட்டால், எம்மவருட் பலர் மாரி ஓய்ந்து பனி விழும் மார்கழியையே கூறுவர். பாலன் பிறப்பும் அக்காலத்திலேயே வருகின்றது. 1987ஆம் ஆண்டு கனடா சென்ற என் மூத்த அண்ணரோ, ஒவ்வோர் ஒக்டோபரிலும் எழுதும் கடிதத்தில் இலையுதிர் காலத்தைப்போல் மகிழ்ச்சி தருவது வேறில்லை என்பார். மடித்த தாளினுள் மேப்பிள் மரத்தின் சிவந்த இலையொன்று காய்ந்து தட்டையாக இருக்கும். இலை உதிர்வதில் என்ன மகிழ்ச்சி என்று எனக்கு விளங்கியதேயில்லை. எமது முற்றத்துப் பூவரசின் இலை பழுத்து மஞ்சளாகி விழுந்தால், அது காலையில் கூட்ட வேண்டிய குப்பை, அவ்வளவே.

2014ஆம் ஆண்டு மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ரொறன்ரோ சென்று மூன்று மாதங்கள் தங்கினேன். அண்ணர் இறைவனடி சேர்ந்து அப்போது மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

செப்டெம்பர் கடைசிவரை எல்லாம் பச்சையாகவே இருந்தது. பின்னர் ஒரு கிளை மஞ்சளாயிற்று. அடுத்த கிழமை தெருவே தீப்பற்றியதுபோல் நின்றது. வெயில் சுடாமல் பொன்னாகச் சாய்ந்து விழும். வானம் கழுவித் துடைத்த நீலமாயிருக்கும். அதன் குறுக்கே வாத்துக்கூட்டங்கள் அம்புமுனைபோல் அணிவகுத்துக் கத்திக்கொண்டே தெற்கு நோக்கிப் பறக்கும். காலடியில் சருகுகள் நொறுங்கும் ஓசையையும் அவற்றின் மணத்தையும் எழுத்தில் தர என்னால் இயலாது. வீட்டுக்காரர் சருகை வாரி, ஆளின் இடுப்பளவு உயர்ந்த கடதாசிப் பைகளில் நிரப்பித் தெருவோரம் வைப்பர். சிறுவரோ வாரிய குவியலுக்குள் பாய்ந்து மீண்டும் கலைத்துவிடுவர். அவர்களை ஒருவரும் ஏசியதை நான் காணவில்லை.

அப்பிள் தோட்டங்களில் மக்கள் பணம் செலுத்தித் தாமே பழம் பறிக்கின்றனர். கூலிக்கு ஆள் பிடித்துப் புகையிலை வெட்டிய குடும்பத்தவனான எனக்கு, காசு கொடுத்து வேலை செய்யும் இவ்வழக்கம் சிரிப்பையே தந்தது. ஒக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை அங்கு நன்றி செலுத்தும் நாள். விளைச்சலுக்காக இறைவனுக்கு நன்றி கூறி வான்கோழி உண்பர். மகளின் வீட்டு வான்கோழி எமது மிளகாய்த்தூளில் குளித்தே மேசைக்கு வந்தது.

இலைகள் நிறம் மாறும் விதத்தை, அங்கு உயிரியல் படித்த மருமகன் விளக்கினார். பகல் சுருங்கச் சுருங்க, மரம் பச்சையம் ஆக்குவதை நிறுத்துகின்றது. மஞ்சள் நிறம் புதிதாக வருவதன்று; கோடை முழுவதும் பச்சையின் பின்னே மறைந்திருந்ததே. சிவப்பு மட்டும் இலையில் எஞ்சிய சீனியிலிருந்து இறுதி நாட்களில் உருவாகின்றது. பின்பு காம்பின் அடியில் மெல்லிய படையொன்று வளர்ந்து இலையைப் பிரிக்கின்றது. ஆகவே மரம் இலையைக் காற்றிடம் பறிகொடுப்பதில்லை, தானே விடைகொடுக்கின்றது. காம்பு கழன்ற வடுவின்மேல் அடுத்த இளவேனிலுக்குரிய மொட்டு முன்பே அரும்பியிருப்பதையும் அவர் காட்டினார். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்ற ஊர்ப் பழமொழி நினைவில் வந்தது. ஆனால் இந்தக் குருத்து சிரிக்கவில்லை. பனிக்காலம் முழுவதும் வாய்மூடிக் காத்திருக்கின்றது.

நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். 998ஆம் ஆண்டளவில் பிரான்சின் குளூனி மடத்து அதிபர் புனித ஓடிலோ தம் மடங்களில் ஏற்படுத்திய வழக்கமே, பின்னர் திருச்சபை முழுவதும் பரவிற்று. இலையற்ற மரங்களின் நடுவே அவர் இந்நாளைத் தெரிந்தது பொருத்தமே என்று அன்று எண்ணினேன். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த நாள்முதல், அப்பு அம்மா உறங்கும் சேமக்காலைக்கு நாங்கள் போக முடிந்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் மெழுகுதிரியை இரவல் வீட்டுத் திண்ணையில் ஏற்றினோம். இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், உறவினர் ஒருவரின் கல்லறைமுன் நான் நின்றது அந்தக் கனடா மண்ணிலேதான்.

அங்கே கல்லறைக் கற்கள் நிலத்தோடு நிலமாகப் பதிந்திருந்தன. மேப்பிள் சருகு எல்லாவற்றையும் மூடியிருந்தது. எது அண்ணருடையது என்று தெரியாமல் இரண்டு வரிசைகளைத் தேடினோம். குனிந்து வாரத் தொடங்கினேன். பெயரின் முதலெழுத்துத் தெரிந்தது. மிகுதியையும் கூட்டித் துப்புரவாக்கவே கை போயிற்று. பின்னர் பெயர் தெரியுமளவுக்கு விலக்கி, மற்றதை அப்படியே விட்டுவிட்டேன். அவருக்கு விருப்பமான குப்பை அல்லவா? மூவருமாக ஒரு காரணிக்கச் செபமாலை செபித்தோம். காற்றில் இன்னும் சில இலைகள் வந்து விழுந்தன.

அவற்றுள் ஒன்றைச் செபப் புத்தகத்தினுள் வைத்துக் கொண்டுவந்தேன். 2017ஆம் ஆண்டு எமது காணிகள் விடுவிக்கப்பட்டபின், நவம்பரில் பற்றை வெட்டி அம்மாவின் கல்லறையைக் கண்டுபிடித்தோம். அண்ணர் புறப்பட்ட நாளின் பின் அம்மா அவரைக் காணவேயில்லை, 1989இல் கண்மூடினார். அன்று ஐப்பசி மழை தூறியபடியிருந்ததால் மெழுகுதிரி நிற்கவில்லை. அந்த இலையைச் சிலுவையடியில் வைத்து, காற்றுக்குப் பறக்காதிருக்கச் சிறு கல்லொன்றை அதன்மேல் வைத்தேன்.