இங்கிலீஷ் வகுப்பில் மட்டும் ஏன் ஊமை?

சென்ற வருஷம் காலாண்டுப் பரீட்சை முடிந்த சமயம். திருவல்லிக்கேணியில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எப்போதும் வாசலுக்கே ஓடி வந்து, "வா அக்கா!" என்று கையைப் பிடித்து இழுத்துப் போகிறவள், அன்று கூடத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். மடியில் பையனின் மார்க் அட்டை.

மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். தமிழில் 90, கணக்கில் 88. இங்கிலீஷில் 31!

"எல்லாம் என்னால் வந்த வினை, அக்கா. நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். எனக்கு இங்கிலீஷ் வராது. தாய்க்கு வராதது பிள்ளைக்கு எப்படி வரும்? பேசாமல் இந்த வளையலை வைத்து, பெரிய பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்து விடலாமா என்று பார்க்கிறேன்" என்றாள்.

வளையலைவிட இன்னொரு விஷயம்தான் எனக்குத் துணுக்கென்றது. முன்பெல்லாம் அந்த வீட்டில் நுழைந்தால் தாயும் பிள்ளையும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். காக்கை ஏன் கறுப்பு, ரயில் ஏன் கூவுகிறது என்று அவன் கேட்பான். இவள் கதை கட்டிச் சொல்வாள். அன்று வீடு நிசப்தமாக இருந்தது. "கம்!" என்றாள், பையன் வந்தான். "ஈட்!" என்றாள், தின்றான். அவ்வளவுதான்.

"ஏன்டி இப்படி?" என்று கேட்டேன்.

"வீட்டில் தமிழே பேசாதீர்கள், இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள், அக்கா. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இவ்வளவுதானே!"

சகோதரிகளே, இந்தக் கதை அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஆரம்பப் பள்ளிக் குழந்தைக்கு இங்கிலீஷ் வருவதும் வராததும் எதையெல்லாம் பொறுத்திருக்கிறது? தாயின் இங்கிலீஷைப் பொறுத்துத்தானா? கொஞ்சம் நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

எந்த ‘பி’?

பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "படி, பார்க்கலாம்" என்றேன். கடகடவென்று ஒரு பக்கத்தை ஒப்பித்து விட்டான். ஆனால் நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தான். அவன் படிக்கவில்லை, பாட்டைப்போல் மனப்பாடம் செய்திருக்கிறான்!

இதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. தமிழில் எழுத்துக்கள் 247. அவற்றைக் கற்றுவிட்டால் எந்தப் புத்தகத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். இங்கிலீஷில் எழுத்துக்கள் 26 தான். ஆனால் ஒலிகள் ஏறக்குறைய 44. அதாவது, ஒரே எழுத்துப் பல வேஷம் போடவேண்டியிருக்கிறது. அதற்கு மேல் எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி ஒன்று. ‘எச்’ என்று பெயர் சொல்லிவிட்டு ‘ஹ’ என்று ஒலிக்க வேண்டும். பெயரை மட்டும் நெட்டுருப் போட்ட குழந்தை படிக்கும்போது தடுமாறாமல் என்ன செய்யும்?

நம் குழந்தைகளுக்கு மட்டும் உரிய கஷ்டம் ஒன்றும் உண்டு. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ அழுத்தமாக வருகிறது. இரண்டாவது, ‘ம்’மை அடுத்து மெத்தென்று ஒலிக்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. எங்கே எப்படிச் சொல்வது என்று யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. இடத்தைப் பார்த்து நாமே சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷில் அப்படி இல்லை. துணியில் குத்தும் ஊசி ‘பின்’. குப்பை போடும் தொட்டியும் ‘பின்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான்! அவர்களுக்கோ அவை வேறு வேறு ஒலி, வேறு வேறு எழுத்து. அந்த எழுத்துக்களின் பெயரைக்கூட நாம் ‘பி’, ‘பி’ என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது. எந்த ‘பி’ என்று அச்சுக் கோப்பவருக்கே சந்தேகம் வரும்போது எட்டு வயதுக் குழந்தையை நொந்து என்ன பயன்? காதால் வித்தியாசத்தைக் கேட்டுப் பழகிய பிறகுதான் கை சரியாக எழுதும்.

ஒரு சிரிப்பு செய்த வேலை

"வகுப்பில் ஏன்டா வாயே திறக்கமாட்டேன் என்கிறாயாம்?" என்று மெதுவாக விசாரித்தேன். வெகு நேரம் பதில் இல்லை. பிறகு புத்தகத்தில் ஒரு வார்த்தையைக் காட்டினான். தீவு என்று பொருள்படும் ‘ஐலண்ட்’. அதை அவன் ‘இஸ்லாண்ட்’ என்று படித்தானாம். வகுப்பே சிரித்ததாம். டீச்சரும் சிரித்துவிட்டாராம்.

"அன்றைக்கு மத்தியானத்திலிருந்து நான் படிக்கவே இல்லை, பெரியம்மா."

எழுத்து எழுத்தாகப் பார்த்தால் அவன் படித்ததுதானே நியாயம்? நடுவில் ‘எஸ்’ நிற்கிறது. அவன் அதை ஒலித்தான். வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் ‘எஸ்’ கிடையவே கிடையாது. பிரெஞ்சு வழியாக வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு உறவு என்று பிற்காலத்தார் தவறாக எண்ணி, அதன் ‘எஸ்’ஸை இதிலும் நுழைத்துவிட்டார்கள். பெரியவர்கள் செய்த தவறுக்குச் சிறுவன் சிரிப்பை வாங்கிக்கொண்டான்!

அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீபன் கிராஷென் 1982-ல் வெளியிட்ட நூலில், பயமும் வெட்கமும் மனத்தில் வடிகட்டிபோல் நின்று, காதில் விழும் புது மொழியை உள்ளே போகவிடாமல் தடுக்கின்றன என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை பெற்ற எவளும் இதை ஒப்புக்கொள்வாள். தப்புச் செய்யாமல் யாரும் பேசக் கற்றதில்லை. நம் குழந்தை ‘சோறு’ என்பதற்குப் பதில் ‘தோது’ என்றபோது நாம் மார்க்கா குறைத்தோம்? வாரி எடுத்து முத்தம் அல்லவா கொடுத்தோம்!

வகுப்பின் கணக்கு

ஆசிரியைகளையும் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது நிமிஷ வகுப்பில் நாற்பது குழந்தைகள் இருந்தால், தலைக்கு ஒரு நிமிஷம். அதில் யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆரம்பப் பள்ளிகளில் முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை வைத்தது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டும் ஆட்டமுமாகத் தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூன்றையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். வகுப்பு ஒன்றானாலும் குழந்தைகள் ஒன்றல்ல என்பதே இதன் அடிப்படை.

இன்னொரு சின்ன விஷயம். பிள்ளை பலகையைப் பார்த்து எழுதுவதில் தப்பு அதிகம் இருந்தால், திட்டுவதற்கு முன் கண்ணைப் பரிசோதியுங்கள். ஒத்த ஒலிகளை மாற்றி மாற்றி எழுதினால் காதையும் பாருங்கள். காதில் சீழ் வந்து கேள்வி மந்தமான குழந்தை ‘கவனக் குறைவு’ என்ற பட்டம் சுமப்பதுண்டு.

தமிழ் தடையா, ஏணியா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வீட்டில் தமிழை நிறுத்தினால் இங்கிலீஷ் வளருமா?

நைஜீரியா தேசத்தில் இஃபே என்ற ஊரில் 1970-ல் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஆறு வருஷமும் தாய்மொழியான யொரூபாவிலேயே பாடம். இங்கிலீஷ் ஒரு பாடமாக மட்டும், அதற்கென்று தேர்ந்த ஆசிரியரிடம். மற்றொரு பிரிவுக்கு வழக்கப்படி மூன்று வருஷத்துக்குப் பின் எல்லாப் பாடமும் இங்கிலீஷில். முடிவில் தாய்மொழியில் படித்தவர்கள் இங்கிலீஷில் பின்தங்கவில்லை. மற்றப் பாடங்களையும் நன்றாகவே செய்தார்கள்.

காரணம் என்ன? கானடாவைச் சேர்ந்த பேராசிரியர் ஜிம் கமின்ஸ் 1979-ல் இதை விளக்கினார். ஒரு மொழியில் சேர்த்த அறிவு இன்னொரு மொழிக்கும் உதவுகிறது என்றார். நம் வீட்டு உதாரணமே போதும். விதை முளைக்க ஈரம் வேண்டும் என்று தொட்டியில் வெந்தயம் போட்டுத் தாய் தமிழில் சொல்லிக் காட்டிய குழந்தைக்கு, இங்கிலீஷ் பாடத்தில் விதை வரும்போது புதுப் பெயர் ஒன்றுதான் தேவை. அந்தப் பேச்சே இல்லாத குழந்தைக்குப் பெயரும் புதிது, பொருளும் புதிது.

ஆகவே தாய்க்கு இங்கிலீஷ் தெரியாதது நஷ்டமல்ல. தாய் வாய் மூடிக்கொள்வதுதான் நஷ்டம்.

நான் சொன்ன வைத்தியம்

"வளையலைக் கையிலேயே போட்டுக்கொள். முதலில் பழையபடி கதை சொல்லு, தமிழில்" என்றேன். பிறகு மூன்று யோசனைகள் கூறினேன்.

தினம் ராத்திரி பத்து நிமிஷம் அவன் உரக்கப் படிக்கட்டும். படித்ததன் அர்த்தத்தை உனக்குத் தமிழில் சொல்லட்டும். சொல்லத் தெரிந்தால் புரிந்தது. தெரியாவிட்டால் மறுநாள் டீச்சரைக் கேட்கச் சொல். இது ஒன்று.

சோப்புப் பெட்டி, பிஸ்கட் உறை, பஸ் பலகை எதிலிருந்தாலும் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். மனப்பாடம் செய்யாத வார்த்தையாக இருக்கட்டும். இது இரண்டு.

மூன்றாவது, அவனை உனக்கு வாத்தியாராக்கு. நீ மாணவியாக உட்கார். நீ தப்புச் செய், அவன் திருத்தட்டும். தப்புச் செய்தால் உலகம் இடிந்து விழாது என்பதை அவன் உன்னைப் பார்த்தல்லவா தெரிந்துகொள்ள வேண்டும்?

அரைப் பரீட்சை விடுமுறையில் மறுபடி போனேன். இங்கிலீஷில் 47. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் வாசலிலேயே சத்தம் கேட்டது. கூடத்தில் பாய் விரித்து அவள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்க, எதிரில் வாத்தியார் ஸ்கேலோடு நின்றார்.

"இஸ்லாண்ட்" என்று படித்தாள் என் தங்கை.

பையன் சிரிக்கவில்லை. "பரவாயில்லை அம்மா, நானும் முதலில் அப்படித்தான் படித்தேன்" என்றான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த ‘எஸ்’ மேலேதான் தப்பு. இல்லையா, பெரியம்மா?" என்றான்.