லென்ஸை மாற்றும் முன்

“லென்ஸ் போயிடுச்சு சார், மாத்தணும்.” பழைய சிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் இதுதான் பதில். முகப்பேரில் பல வீடுகளின் ஷோகேஸில், 90-களில் ஆசையாக வாங்கிய மூன்று தட்டு சேஞ்சர் இந்தத் தீர்ப்போடு சும்மா கிடக்கிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

சேஞ்சரில் நடப்பது இரண்டு வேலைகள். தட்டைக் கொண்டுவந்து வைப்பது ஒன்று, அதைப் படிப்பது இன்னொன்று. நூறு சிடி அடுக்கிய ஜூக்பாக்ஸும் இப்படித்தான். தட்டை ஒரு கை எடுத்துக் கொடுக்கும், படிப்பதோ ஒரே ஒரு பிளேயர். எந்த வேலை நின்றது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

டிரே திறக்கவில்லை, பாதியில் நிற்கிறது, கையால் இழுத்தால் வருகிறது என்றால் லென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரமே கெட்டிப்பட்டு வழுக்க ஆரம்பிக்கும். அதே அளவில் புது பெல்ட் போட்டால் போதும்.

டிரே சரியாக உள்ளே போய், ‘நோ டிஸ்க்’ என்று வந்தால் படிக்கும் பக்கம்தான் கோளாறு. முதலில் வேறு நல்ல சிடி போட்டுப் பாருங்கள். ஒரே சிடி மட்டும் திக்கினால் குறை அந்தத் தட்டில். பளபளப்பான பக்கத்துக் கீறலைப் பிளேயர் ஓரளவு சமாளிக்கும். படம் அச்சிட்ட பக்கத்தில் ஆழமாகக் கீறினால் பாட்டே போய்விடும், பதிவு இருக்கும் படலம் அதன் கீழேதான் இருக்கிறது.

எல்லா சிடியும் திக்குகிறதா? எந்த இடத்தில் திக்குகிறது என்று கவனியுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. முதல் பாட்டில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்புக்கு வரும்போது சுமார் 200. ஆகவே முதல் பாட்டு திணறி, பின்னால் சரியாகப் பாடினால் தட்டைச் சுற்றும் மோட்டார் மீது சந்தேகப்படலாம். முன்னால் நன்றாகப் பாடி நடுவில் அடம்பிடித்தால், லென்ஸ் நகரும் தண்டில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். துடைத்துப் புதிதாகத் துளி தடவுங்கள்.

எங்குமே படிக்கவில்லை என்றால்தான் லென்ஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இயர் பட்டில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாக ஒற்றியெடுங்கள். மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தக் கூடாது. தின்னர் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் பாழ். ஓடும்போது லென்ஸுக்கு நேராகக் குனிந்து பார்க்காதீர்கள். அதிலிருந்து வரும் 780 நானோமீட்டர் லேசர் கதிர் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் ஆபத்தானது. பக்கத்தில் இருக்கும் பிரீசெட் என்ற சின்னத் திருகாணியைத் திருகி லேசரைக் கூட்டுவதும் வேண்டாம். கொஞ்ச நாள் பாடும், பிறகு லேசரே எரிந்துபோகும்.

இத்தனைக்கும் பிறகு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், லென்ஸும் லேசரும் சேர்ந்த பழைய ஹெட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, உதிரி பாகம் கிடைக்கும் ரிச்சி தெருவுக்குப் போங்கள். கேஎஸ்எஸ்-213, எஸ்எஃப்-பி101என் போன்ற சில வகைகளே பல பிராண்டுகளில் இருக்கின்றன. புது ஹெட்டில் லேசரைக் காக்க ஒரு பொட்டு ஈயம் வைத்திருப்பார்கள். ரிப்பன் கேபிளைச் செருகிய பின் அதை எடுக்காவிட்டால் பாடாது.

கடைக்காரரிடம் “ஓடலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த சிடி, எத்தனையாவது பாட்டு, டிரே எப்படி நகர்ந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.