ஒரே உறை, நான்கு சீட்டு

2019 மார்ச் 31 அன்று இஸ்தான்புல் வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள். மாநகர மேயருக்கு ஒன்று, மாவட்ட மேயருக்கு ஒன்று, மாவட்ட மன்றத்துக்கு ஒன்று, 'முக்தார்' எனப்படும் வட்டாரத் தலைவருக்கு ஒன்று. நான்கையும் ஒரே உறையில் வைத்துப் பெட்டியில் போட்டார்கள்.

மே 6-ஆம் தேதி உச்ச தேர்தல் வாரியம் 7-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வாக்குச்சாவடித் தலைவர்கள் சிலர் அரசு ஊழியர்கள் இல்லையாம். ஆகவே மாநகர மேயர் தேர்தல் செல்லாது. அதே சாவடியில், அதே உறையிலிருந்து எடுத்த மற்ற மூன்று சீட்டும் மட்டும் எப்படிச் செல்லும் என்று நகரமே கேட்டது. 39 மாவட்டங்களில் 25-ஐ ஆளும் கூட்டணி பிடித்திருந்தது. அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை.

துருக்கி அதிபர் எர்துவான் 1994-ல் மேயராகி, அரசியலில் மேலேறிய நகரம் இது. அவருடைய ஏ.கே.பி.யும் தேசியவாத எம்.எச்.பி.யும் சேர்ந்து முன்னாள் பிரதமர் பினாலி யில்திரிமை நிறுத்தின. எதிரே சி.எச்.பி.யும் இயி கட்சியும் நிறுத்தியது பெய்லிக்துசு மாவட்ட மேயராக இருந்த எக்ரெம் இமாமோலுவை. குர்து மக்களின் எச்.டி.பி. வேட்பாளரே போடாமல் ஒதுங்கிக்கொண்டது. கூட்டணிக்கு வெளியே நின்று செய்த அந்த உதவிதான், என் கணக்கில், மார்ச் 31-ல் இமாமோலுவின் வெற்றியைத் தீர்மானித்தது. வித்தியாசம் 13,729 வாக்குகள். ஜூன் 23 மறுதேர்தலில் அது 8 லட்சத்தைத் தாண்டியது. வம்படியாக ரத்து செய்தவர்களுக்கு மக்கள் கொடுத்த வட்டி!

கொண்டாட்டத்தில் பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. இஸ்தான்புல் மாநகர மன்றத்துக்குத் தனித் தேர்தல் கிடையாது. மாவட்ட மேயர்களும், மாவட்ட மன்ற உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினரும் சேர்ந்ததே மாநகர மன்றம். செல்லும் என்று விட்டுவைத்த சீட்டுகளால் அந்த மன்றம் எர்துவான் கூட்டணியிடமே இருந்தது. பட்ஜெட்டோ கடனோ எதுவானாலும், ஐந்து வருடம் இமாமோலு எதிரணிப் பெரும்பான்மையைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

2024 தேர்தலுக்குள் எதிர்க்கட்சிக் கூட்டணி உடைந்துவிட்டது. இயி தனி வேட்பாளர் போட்டது. குர்து கட்சியும் அப்படியே. தலைவர்கள் பிரிந்தாலும் வாக்காளர்கள் பிரியவில்லை. இமாமோலு 51 சதவீதம் வாங்கினார். அவருடைய சி.எச்.பி. 26 மாவட்டங்களை அள்ளியது. மன்றமும் கைமாறியது.

அதன் பலன் மறு வருடமே தெரிந்தது. 2025 மார்ச் 19-ல் இமாமோலு கைது செய்யப்பட்டார். ஊழல் வழக்கு என்றது அரசுத் தரப்பு. அடுத்த அதிபர் தேர்தலில் எர்துவானுக்குப் போட்டி வராமல் தடுக்கும் வேலை என்றது சி.எச்.பி. உள்துறை அமைச்சகம் அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தது. பயங்கரவாதக் குற்றச்சாட்டில் சிறை வைத்திருந்தால் அரசே நிர்வாகி ஒருவரை நியமித்திருக்கலாம். ஊழல் வழக்கு என்பதால் தற்காலிக மேயரை மாநகர மன்றமே தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. மார்ச் 26-ல் வாக்கெடுப்பு. வென்றவர் சி.எச்.பி.யின் நூரி அஸ்லான். 2019-ன் மன்றமே நீடித்திருந்தால், மக்கள் மூன்று முறை மறுத்த அந்த நாற்காலி அன்று ஏ.கே.பி.க்குப் போயிருக்கும்.