கோப்பிக்கு நியாயமான விலை எது?

கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் கோப்பி வாங்கி விற்கும் சிறு வியாபாரி நான். ஒரு கிலோ காய்ந்த கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறிக்க வேண்டும். பச்சைக்காய்க்கும் சிவந்த பழத்துக்கும் ஒரே விலை கொடுத்தால், விவசாயி எல்லாவற்றையும் ஒன்றாக உருவிவிடுவார். தரம் கெடும், பழி அவர் மீது விழும். உண்மையில் தவறு வாங்கும் எங்களுடையது.

ஆகவே பழுத்ததைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறேன். அவர் கண்முன்னே நிறுத்து, அன்றே பணம் கொடுக்கிறேன். பலா, மிளகோடு கலந்து வளர்ப்போரை ஊக்குவிக்கிறேன். ஒரே பயிராக நின்ற தோட்டங்களை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அழித்ததை மறக்கலாமா?

நிறுவையில் மோசடி ஹராம் என்பதை அறிவோம். ஏழையின் உழைப்புக்குரிய விலையைக் குறைப்பது மட்டும் எப்படி நியாயமாகும்?