மழை நாளில் வடாம் போடலாமா?

"உனக்கு அங்க என்னடா வேலை?" என்று அம்மா ஃபோனில் கேட்கும்போதெல்லாம், "கண்ணாடிக்கு இட்லி மாவு பூசுறேம்மா" என்பேன். முழுப் பொய் இல்லை.

சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும், மேலே விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சோலார் பேனலுக்கு அது சுத்த நஷ்டம். இதைக் குறைக்க, ஒளிவிலகல் எண் 1.23 உள்ள மெல்லிய பூச்சு வேண்டும் என்கிறது கணக்கு. ஆனால் வழக்கமாகப் பூசும் மக்னீசியம் ஃபுளோரைடுக்கே 1.38. அப்போ வேறு வழி? சிலிக்காவுக்குள் காற்றை அடைக்க வேண்டியதுதான், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இட்லிக்குள் இருக்கிற ஓட்டை மாதிரி.

டெட்ரா எத்தில் ஆர்த்தோசிலிகேட் என்ற திரவத்தை எத்தனால், தண்ணீர், கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு கலக்கணும். கூடவே சோப்பு வகையைச் சேர்ந்த ஒரு பொருள். கண்ணாடியை இதில் முக்கி, ஒரே சீராக மேலே இழுக்கணும். (வேகமாக இழுத்தால் பூச்சு தடிமனாகும். நான் முதலில் நேர்மாறாக நினைத்திருந்தேன்!) எத்தனால் ஆவியாகும் அந்தச் சில நொடிகளில் சோப்பு மூலக்கூறுகள் தாங்களாகவே கூட்டம் கூட்டமாகச் சேர, சிலிக்கா அவற்றைச் சுற்றி இறுகும். பிறகு 400 டிகிரி செல்சியஸில் சுட்டால் சோப்பு எரிந்துபோய், அது இருந்த இடம் ஓட்டையாக மிஞ்சும். ஒவ்வொரு ஓட்டையும் சில நானோமீட்டர்தான். மொத்தப் பூச்சே சுமார் 110 நானோமீட்டர்.

அறிக்கை கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது எல்லாம் சொதப்பியது. எடுத்த கண்ணாடியெல்லாம் பால் கொட்டினது போல வெளுத்து நின்றது. கரைசலைப் புதிதாகக் கலக்கினேன். கண்ணாடியைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஒன்றும் சரிப்படவில்லை. அன்று ராத்திரி அம்மாவிடம் புலம்பினேன்.

"அங்க மழையா?"

"ஒரு வாரமா."

"மழை நாள்ல யாராவது வடாம் போடுவாங்களா?"

மறுநாள் காலை ஈரப்பதமானியைப் பார்த்தேன், 78 சதவீதம். எத்தனால் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் பனித்துளியாகப் படியும். அதுதான் அந்த வெள்ளை. இழுக்கும் கருவியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பெட்டி கட்டி, உலர்ந்த காற்றைச் செலுத்தி 40 சதவீதத்தில் நிறுத்தினேன். அடுத்து எடுத்த கண்ணாடி பளிச்சென்று வந்தது. அறிக்கையும் நாள் தப்பாமல் போய்ச் சேர்ந்தது.

பாதி மட்டும் பூசிய ஒரு துண்டை வீட்டு ஜன்னலில் வைத்து, வீடியோ காலில் காட்டினேன். பூசாத பாதியில் ட்யூப் லைட் தெரிந்தது. பூசிய பாதியில் மங்கலாக ஏதோ நீலநிழல், அவ்வளவுதான். "அந்தப் பக்கம் கண்ணாடியே இல்லையேடா" என்றாள் அம்மா.

அதற்குள் என் மகள் ஓடிவந்து, பூசிய பக்கத்திலேயே கட்டைவிரலை அழுத்திவிட்டாள். விரல் எண்ணெய் ஓட்டைகளுக்குள் இறங்கி, ரேகை அப்படியே பதிந்துவிட்டது. காற்று புகும் இடத்தில் எண்ணெயும் புகும். இந்தப் பூச்சில் இன்னும் தீராத தலைவலி அதுதான். துடைத்தால் போகாது, திரும்பச் சூளையில் வைத்துத்தான் பார்க்கணும். நான் வைக்கவில்லை. துண்டு ஜன்னலிலேயே இருக்கிறது.