ஒண்டிக்கடையும் கைப்பேசிக் கடையும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. கொடுப்பதிலும் வாங்குவதிலும் கணக்கு வேண்டும் என்பதே இதன் பொருள். ஆனால் அளக்கும் படியும், கொடுக்கும் காசும், வாங்கும் கடையும் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. இம்மாற்றங்களால் நாம் பெற்றது என்ன, இழக்க இருப்பது என்ன என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருபவர்கள் ஒண்டிக்கடை என்னும் இடத்தை அறிவார்கள். 'ஒண்டி' என்றால் தனி. ஒற்றைக் கடை என்னும் பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இன்றோ அங்கே ஒரு கடையா இருக்கிறது? தேநீர்க் கடை, பழக்கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை என்று வரிசையாகக் கடைகள். அத்தனை கடைகளும் போதாவென்று, ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசிக்குள் ஒரு கடை புகுந்துவிட்டது!

படியும் பலமும்

எங்கள் பாட்டிமார் சொல்லும் கடை வேறு. அரிசியையும் பருப்பையும் படியால் அளந்தார்கள். எட்டு ஆழாக்கு சேர்ந்தது ஒரு படி. புளியையும் வெல்லத்தையும் பலம், வீசை என்று நிறுத்தார்கள். நாற்பது பலம் ஒரு வீசை. ஊருக்கு ஊர் படியின் அளவு வேறுபட்டது. கணக்குத் தெரியாத ஏழை மக்கள், கடைக்காரர் அளந்ததே அளவு, சொன்னதே விலை என்று வாங்கிப் போனார்கள்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நூறு காசு கொண்ட ரூபாய் வந்தது. அதற்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. எடைகளையும் அளவுகளையும் ஒழுங்கு செய்யும் சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பின்னர் 1977ஆம் ஆண்டின் விதிகளின்படி, உறையிட்டு விற்கும் பண்டங்களின் மேல் நிகர எடையும் விலையும் அச்சிட வேண்டியதாயிற்று. தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கும் ஒரு தாய், தன் மகளிடம் உறையைக் காட்டி, "இதில் என்ன விலை போட்டிருக்கிறது, படித்துச் சொல்லம்மா" என்று கேட்கும் நிலை வந்தது. இது சிறிய மாற்றமன்று. பள்ளிக்குப் போன பிள்ளையின் படிப்பு குடும்பத்துக்கு முதன்முதலில் பயன்பட்டது பல வீடுகளில் இப்படித்தான்.

பேரம் போய் நிலையான விலை வந்த கதை

விலையை எல்லோருக்கும் ஒன்றாக வைப்பது என்பது மேலை நாடுகளிலும் ஒரு காலத்தில் புதுமையாகவே இருந்தது. கனடா நாட்டின் டொரான்டோ நகரில் 1869ஆம் ஆண்டு திமோத்தி ஈட்டன் என்பவர் ஒரு கடை தொடங்கினார். பேரம் இல்லை, கடன் இல்லை, பொருள் பிடிக்காவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்பன அவர் கடையின் முறைகள். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்னும் வழக்கம் இதனால் மாறியது.

வாங்குபவரே அலமாரியிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறையை, 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கினார். அதற்கு முன் அங்கும் நம் மளிகைக் கடையைப் போலவே, வாங்குபவர் பட்டியலைச் சொல்ல, கடை ஊழியர் எடுத்துக் கொடுப்பார். புது முறையில் ஊழியர் குறைந்தனர், செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் ஒன்று கூடியது. கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போடும் ஆசை கூடியது!

நம் நாட்டிலும் இம்முறை வளர்ந்தது. 1905ஆம் ஆண்டு நீலகிரி மலையில் பால்பொருள் வியாபாரமாகத் தொடங்கிய 'நீலகிரீஸ்' பிற்காலத்தில் பேரங்காடியாக வளர்ந்தது. 1996இல் சென்னையில் 'ஃபுட்வேர்ல்ட்' திறக்கப்பட்டது. இன்று சேலத்தில் குளிரூட்டிய பேரங்காடிகளைக் காண்கிறோம்.

இத்தகைய பெரிய கடைகளில் வேலை செய்பவர்களுள் பலர் எங்களைவிடச் சில வயதே மூத்த பெண்கள். நாள் முழுவதும் நின்றுகொண்டே இருப்பது அவர்கள் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கேரளத்தில் 2018இலேயே இவ்வுரிமை வந்தது. அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது, சேலையை மட்டும் பார்க்காமல், அதை எடுத்துக் காட்டும் அக்காவுக்கு உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்றும் நாம் பார்க்கலாமே!

ஏழையின் கைக்கு எட்டிய பொருள்

பெரிய கடை பெரிய புட்டியை விற்றது. ஆனால் அன்றாடக் கூலி வாங்குபவர் பெரிய புட்டிக்கு எங்கே போவார்? கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், சிறு உறைகளில் பொருள்களை அடைத்து விற்பதில் முன்னோடியாக விளங்கினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தம் தொழிலைத் தொடங்கிச் 'சிக்' ஷாம்பு உறைகளை ஊரெங்கும் கொண்டு சென்றார். மலையில் சிறு பெட்டிக்கடையிலும் அவை சரமாகத் தொங்கின. காலியான உறைகள் ஓடையிலும் தோட்டத்திலும் குவிந்தது இதன் மறுபக்கம்.

கூட்டுறவும் அரசும் ஏழைக்குத் துணை நின்றன. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இத்துறையில் வழிகாட்டியது. தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. விளைவிப்பவரும் வாங்குபவரும் இடைத்தரகர் இன்றிச் சந்திக்க, 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது.

கைப்பேசிக் கடை

வீட்டிலிருந்தே பொருள் வாங்குவது புதியது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. முன்னே கூறிய ஈட்டன் கடை 1884இலேயே பொருள்களின் பட்டியலை நூலாக அச்சிட்டு அனுப்பத் தொடங்கியது. பனி மூடிய தொலைதூரப் பண்ணைகளில் வாழ்ந்தோர், அந்நூலைப் பார்த்துத் தபாலில் பொருள் வரவழைத்தனர். நம் நாட்டில் 2007இல் பெங்களூரில் 'ஃபிளிப்கார்ட்' தொடங்கியது. 2013இல் 'அமேசான்' இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. 2016இல் கைப்பேசி வழியே நொடியில் பணம் அனுப்பும் 'யூ.பி.ஐ.' முறை வந்தது. இன்று ஒண்டிக்கடையில் வேர்க்கடலை வாங்கினாலும், கட்டம் கட்டமாக அச்சிட்ட அட்டையைக் காட்டிப் பணம் பெறுகிறார்கள்.

கைப்பேசியில் விலை ஏன் குறைகிறது? எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணனிடமே கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே மூன்று காரணங்கள் சொன்னார். முதலாவது, பெரிய நிறுவனம் ஆலையிலிருந்து வண்டி வண்டியாக வாங்குகிறது. அவரோ சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஒரு மூட்டை, இரு மூட்டை வாங்குகிறார். இரண்டாவது, அம்மூட்டையை மலையேற்றும் வண்டிக் கூலி. மூன்றாவது காரணத்தை அவர் சொல்லவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய நீண்ட நோட்டைக் காட்டினார். அது கடன் நோட்டு. சம்பள நாள் வரை காத்திருக்கும் பணம் அவ்வளவும் அதில் இருக்கிறது. அதற்கு அவர் வட்டி வாங்குவதில்லை.

பாதை அடைபட்டபோது

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வண்டிகள் ஓடவில்லை, பல வீடுகளில் கூலி நின்றது. அப்போது நாங்கள் சிறுமியர். ஆயினும் அம்மா கையில் பணமின்றிக் கடைக்குப் போய், பையில் அரிசியுடன் திரும்பியது எங்களுள் பலருக்கு நினைவிருக்கிறது. கடன் நோட்டில் பக்கங்கள் நிறைந்தது அந்நாளில்தான்.

அதைவிட எங்களைத் தொட்டது 2024 டிசம்பர் மாதத் தொடக்கம். ஃபெஞ்சல் புயலின் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்களுள் ஒருத்தி அதற்கு முந்தைய வாரம்தான், 30 ரூபாய் குறைகிறதென்று நோட்டுகளையும் பேனாக்களையும் கைப்பேசியில் வரவழைக்கச் சொல்லியிருந்தாள். அதே பொருள்கள் தெருக்கடையிலும் இருந்தன. மழை இரவில் மின்சாரம் போயிற்று. வீட்டில் மெழுகுவத்தி இல்லை. பால் மாவும் தீர்ந்திருந்தது. கைப்பேசியில் எதையும் வரவழைக்க வழியில்லை. குடை பிடித்துக்கொண்டு அந்தத் தெருக்கடைக்குத்தான் ஓடினாள்.

கடைக்கார அக்கா பாதி கதவைத் திறந்து, மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் பால் மாவும் எடுத்துக் கொடுத்தார். பணம் கொண்டுவரவில்லை என்று அவள் தயங்கியபோது, "போம்மா, பாப்பா அழும். பிறகு கொடு" என்றார். விலையையும் ஒரு காசு கூட்டவில்லை. "அந்த 30 ரூபாயை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது" என்று அவள் வகுப்பில் சொன்னபோது, நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஏனெனில் எங்களில் அப்படி வாங்காதவர் ஒருவரும் இல்லை.

அன்று எங்களுக்கு ஒன்று விளங்கியது. கடையில் நாம் விலை கொடுத்து வாங்குவது பொருளை மட்டுமன்று. பாதை அடைபடும் நாளுக்காக அலமாரியில் காத்திருக்கும் சரக்கையும், பணமில்லாத நாளுக்காகக் காத்திருக்கும் நம்பிக்கையையும் சேர்த்தே வாங்குகிறோம். அதற்கெனத் தனியாக எவரும் பணம் கேட்பதில்லை. நல்ல நாளில் நாம் அங்கே வாங்கினால்தான், கெட்ட நாளில் அக்கடை அங்கே இருக்கும்.

பெரிய கடைகளும் நிலையல்ல

பெரிய நிறுவனம் என்றால் என்றும் இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. ஈட்டன் நிறுவனம் தன் புகழ்பெற்ற பட்டியலை 1976இல் நிறுத்தியது. 1999இல் நொடித்துப் போயிற்று. 1670ஆம் ஆண்டு தோன்றிய 'ஹட்சன்ஸ் பே' என்னும் கனடாவின் பழம்பெரும் நிறுவனமோ, 2025 ஜூன் 1ஆம் நாள் தன் கடைகளை மூடிவிட்டது. மூன்றரை நூற்றாண்டு நின்ற நிறுவனத்தின் கடைகளே வாடிக்கையாளர் குறைந்து மூடப்பட்டபோது, நம் தெருக்கடை எம்மாத்திரம்?

நாம் செய்யக்கூடியவை

கைப்பேசியில் வாங்குவதே கூடாது என்று நாங்கள் கூறவில்லை. மலையில் கிடைக்காத நூல்களும் மருந்துகளும் அவ்வழியே வருகின்றன. அது பெரும் உதவி. எடை, விலை, கடைசித் தேதி ஆகியவற்றைப் பார்த்து வாங்கும் பழக்கத்தைப் புதிய வணிகம் நமக்குக் கற்பித்தது. அதைத் தெருக்கடையிலும் கைவிடலாகாது. தேதி கடந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது நம் உரிமை. வாங்கிய கடனை நாள் தவறாமல் அடைப்பது நம் கடமை.

ஆகவே எங்கள் வகுப்பில் மூன்று முடிவுகள் செய்துள்ளோம். கடைக்குப் போகும்போது வேண்டியதை எழுதிக்கொண்டு போவது. துணிப்பையுடன் போவது, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதை நாமே மறந்தால் யார் நினைப்பார்? ஒண்டிக்கடையில் கிடைக்கும் பொருளை, சில ரூபாய் கூடினாலும், ஒண்டிக்கடையிலேயே வாங்குவது.

இம்மூன்றையும் பெற்றோரும் ஏற்றுக்கொள்வார்களானால் மகிழ்வோம். ஒற்றைக் கடையின் பெயரைத் தாங்கிய இடத்தில் இன்று பல குடும்பங்கள் கடை வைத்துப் பிழைக்கின்றன. அவ்விடத்தில் மீண்டும் ஒரே ஒரு கடை நிற்கும் காலம் நம் பழக்கத்தால் வந்துவிடக் கூடாது. 30 ரூபாயை மிச்சம் பிடித்த எங்கள் தோழி, மறுநாள் காலையிலேயே மெழுகுவத்திக்கும் பால் மாவுக்கும் உரிய பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்த ஆண்டு நோட்டுகளை அங்கேயே வாங்கினாள். அக்கா ஒரு பென்சிலைக் கொசுறாகக் கொடுத்தாராம்!